தோன்றலும் வருதலும்: மூலக்கூறு அசைபடங்களில் காட்சி ஒழுங்கு

கண்ணுக்குப் புலனாகாத ஒன்றைக் கண்முன் கொணர்ந்து நிறுத்துவது கல்விக்கு வாய்த்த அரும்பேறுகளுள் ஒன்றாகும். கரும்பலகையில் வட்டமும் அம்புக்குறியும் வரைந்து உயிரணுவின் செயல்களை ஆசிரியர்கள் விளக்கிய காலம் ஒன்றிருந்தது. இன்றோ, புரதங்கள் ஒன்றோடொன்று பிணைவதையும், டி.என்.ஏ. இழைகள் பிரிவதையும், வைரஸ் ஒன்று உயிரணுவின் சுவரைத் தொட்டு உட்புகுவதையும் வகுப்பறைத் திரையிலும் கைப்பேசியிலும் வண்ணப் படங்களாகக் காண்கிறோம். இவற்றையே மூலக்கூறு அசைபடங்கள் என்கிறோம்.

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் மூலக்கூறுகளுக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். படம் என்பதும் ஒரு மொழியே. அதற்கும் எழுவாய் உண்டு, பயனிலை உண்டு, காலமும் உண்டு. சொல்லின் நேர்மையைப் பற்றிப் பேசுவதைத் தொழிலாகக் கொண்ட நாம், படத்தின் நேர்மையைப் பற்றிப் பேசத் தயங்க வேண்டியதில்லை. எனவே இக்கட்டுரையில் நாம் ஒரேயொரு வினாவை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். மூலக்கூறு அசைபடம் ஒன்றில் ஓர் உறுப்பு எந்த நொடியில் தோன்ற வேண்டும்? அதனை முடிவு செய்வது யார்? எதன் அடிப்படையில்?

சிறிய வினாவாகத் தோன்றினும், மாணவர் உள்ளத்தில் பதியும் அறிவியலின் பெரும்பகுதி இதற்கு நாம் அளிக்கும் விடையைப் பொறுத்தே அமைகிறது என்பது நம் கருத்து.

இடம் உண்டு, காலம் இல்லை

1958ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் நகரில் ஜான் கென்ட்ரூ குழுவினர் மயோகுளோபின் என்னும் தசைப் புரதத்தின் முப்பரிமாண வடிவை வெளியிட்டனர். 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோர், புரதச் சங்கிலி எக்கோணங்களில் மடங்கலாம், எக்கோணங்களில் மடங்க இயலாது என்பதைக் காட்டும் வரைபடத்தை அளித்தனர். புதிதாகக் கண்டறியப்படும் புரத வடிவங்களைச் சரிபார்க்க இன்றளவும் உலகெங்கும் அவ்வரைபடம் பயன்பட்டு வருகிறது. 1971இல் இத்தகைய வடிவங்களைத் தொகுத்து வைப்பதற்கெனப் புரதத் தரவு வங்கி தொடங்கப்பட்டபோது, அதில் இருந்தவை 7 வடிவங்களே. இன்று அவ்வெண்ணிக்கை 2 இலட்சத்தைக் கடந்துவிட்டது.

இவ்வங்கியிலுள்ள கோப்பு ஒன்றைத் திறந்து பார்ப்போமாயின், ஒவ்வோர் அணுவும் எங்கே உள்ளது என்பதற்கு மூன்று எண்கள் இருக்கும். நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்று திசைகளில் அதன் இடத்தை அவை குறிக்கும். ஆனால் அந்த அணு எப்போது அங்கே வந்தது, எத்துணை நேரம் இருந்தது, எப்போது விலகியது என்பதற்கு எண் ஏதும் இராது. இடம் உண்டு, காலம் இல்லை. கணினிப் பாவனையின் வழியே அணுக்களின் அசைவைக் கணக்கிடும் முறைகள் இருப்பது உண்மையே. எனினும் அவை பெரும்பாலும் நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு, பத்து இலட்சத்தில் ஒரு பங்கு போன்ற மிகச் சிறு பொழுதுகளையே எட்டுகின்றன. ஓர் உயிரணுவின் முழுச் செயலையும் தொடக்கம் முதல் முடிவு வரை அவை நமக்குத் தந்துவிடுவதில்லை.

அவ்வாறாயின் திரையில் நாம் காணும் காலம் எங்கிருந்து வந்தது? படம் செய்தவர் கொடுத்ததே அது. அவர் கணினியில் காலக்கோடு ஒன்றை விரித்து வைத்துக்கொள்கிறார். நொடிக்கு 24 அல்லது 30 சட்டங்கள். ஒவ்வோர் உறுப்புக்கும் இந்தச் சட்டத்தில் மறை, அந்தச் சட்டத்தில் காட்டு என்று குறித்துச் செல்கிறார். பிளெண்டர் போன்ற மென்பொருள்களில் ஓர் உறுப்பின் தெளிவை 0 என்னும் நிலையிலிருந்து 1 என்னும் நிலைக்குப் படிப்படியாக உயர்த்தலாம். மூலக்கூறுகளைக் காட்டுவதற்கென்றே அமைந்த கைமீரா எக்ஸ் மென்பொருளில், காட்டு, மறை என்னும் கட்டளைகளோடு, ஒரு காட்சியை மற்றொரு காட்சியாக மெல்லக் கரைத்து மாற்றும் கட்டளையும், இத்தனை சட்டங்கள் காத்திரு என்னும் கட்டளையும் உள்ளன. பைமால் மென்பொருளில் காட்சிகளைத் தனித்தனியே சேமித்து வைத்து வரிசையாக ஓடவிடலாம்.

ஓர் எடுத்துக்காட்டுச் சொல்வோம். நொடிக்கு 30 சட்டங்கள் ஓடும் படம் ஒன்றில், 120ஆம் சட்டத்தில் மறைந்திருக்கும் புரதம் 150ஆம் சட்டத்தில் முழு உருவோடு நிற்கிறது. அதாவது ஒரே நொடியில், வெறும் வெளியிலிருந்து அது உருக்கொண்டுவிடுகிறது. இயற்கையில் எந்தப் புரதமும் இங்ஙனம் தோன்றுவதில்லை. வடிவம் ஆய்வகத்திலிருந்து வந்தது. தோன்றிய நொடியோ படம் செய்தவரின் மேசையிலிருந்து வந்தது. இரண்டும் ஒரே படத்தில், ஒரே நிறத்தில், ஒரே உறுதியோடு நிற்கின்றன. எது ஆய்வு, எது அமைப்பு என்று மாணவர் எவ்வாறு பிரித்தறிவார்?

மூன்று வினைகள், ஒரே காட்சி

சர்க்கரை நோயைப் பற்றி அறியாத இல்லம் இன்று நம் ஊர்களில் அரிது. ஆதலின் அதனோடு தொடர்புடைய ஒன்றையே சான்றாக எடுத்துக்கொள்வோம்.

உணவுக்குப் பின் இரத்தத்தில் குளுக்கோஸ் மிகும்போது கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் தசை உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியைச் சென்று பற்றுகிறது. அதனால் உயிரணுவின் உள்ளே செய்தி ஒன்று பரவுகிறது. சற்று நேரத்தில், குளுட்-4 என்னும் புரதங்கள் மேற்பரப்பில் மிகுதியாகக் காணப்படுகின்றன. குளுக்கோஸ் உட்செல்வதற்கான வாயில்கள் இவையே. வாயில்கள் மிகுந்ததும் குளுக்கோஸ் உள்ளே செல்கிறது. இரத்தத்தில் அதன் அளவு குறைகிறது.

இதனை அசைபடமாக்குவோர்க்கு எளிய வழி ஒன்று உண்டு. இன்சுலின் ஏற்பியைத் தொட்டதும், வெறுமையாகக் காட்டப்பட்ட மேற்பரப்பில் குளுட்-4 வாயில்களை மெல்லத் தெளிவாக்கிக் காட்டிவிடலாம். பார்க்க அழகாகவும் இருக்கும். புரிந்தது போலவும் இருக்கும். ஆயின் மாணவர் அதிலிருந்து பெறும் பாடம் என்ன? இன்சுலின் வந்தது, வாயில் உண்டாயிற்று என்பதே.

உண்மை அதுவன்று. அந்த வாயில்கள் முன்னரே உருவாகி, உயிரணுவின் உள்ளே நுண்பைகளில் அடங்கி இருந்தவை. இன்சுலினின் செய்தி கேட்டு அந்நுண்பைகள் மேற்பரப்பை நோக்கி நகர்ந்து, அதனோடு ஒன்றுகின்றன. இன்சுலின் குறைந்ததும் வாயில்கள் மீண்டும் உள்ளே இழுத்துக்கொள்ளப்படுகின்றன. ஆக இங்கு நிகழ்வது உருவாதல் அன்று, இடம்பெயர்தலே.

இவ்வேறுபாடு ஏட்டுக்கு மட்டும் உரியதன்று. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் தசை உயிரணுக்களில் வாயில்கள் இல்லாமற் போவது முதன்மையான இடர்ப்பாடு அன்று; இன்சுலினின் செய்திக்கு அவை உரியவாறு மேற்பரப்புக்கு வாராமையே இடர்ப்பாடு. அன்றியும், தசைகள் உழைக்கும்போது, இன்சுலின் வழியன்றி வேறொரு வழியாகவும் அதே வாயில்கள் மேற்பரப்புக்கு வருகின்றன. நாள்தோறும் நடக்குமாறு மருத்துவர்கள் வற்புறுத்துவதற்கான காரணங்களுள் இதுவும் ஒன்று. வாயிலை இன்சுலினே உண்டாக்குகிறது என்று படத்தின் வழியே கற்றுக்கொண்ட மாணவர்க்கு நடைப்பயிற்சியின் பயன் விளங்குவது எவ்வாறு? உள்ளே வாயில்கள் காத்திருக்கின்றன என்று கண்ட மாணவரோ, தம் வீட்டுப் பெரியவர்க்கு அதனை எளிதில் எடுத்துரைப்பார்.

இதிலிருந்து நாம் பெறும் தெளிவு இது. திரையில் ஓர் உறுப்பு புதிதாகக் காணப்படுவதற்கு மூன்று வேறு பொருள்கள் இருக்கக்கூடும். ஒன்று, அது அப்போதுதான் உருவாகியிருக்கலாம். இரண்டு, முன்னரே வேறோரிடத்தில் இருந்து இப்போது வந்திருக்கலாம். மூன்று, அங்கேயே இருந்திருக்கலாம். நாம்தாம் இதுவரை அதனை மறைத்து வைத்து இப்போது காட்டுகிறோம். உருவாதல், வருதல், புலப்படுதல் என இவற்றைப் பெயரிடலாம். முதலிரண்டும் உயிரணுவில் நிகழ்பவை. மூன்றாவது நம் திரையில் மட்டும் நிகழ்வது. இம்மூன்றையும் மெல்லத் தெளிவாதல் என்னும் ஒரே உத்தியால் காட்டுவதே இன்றைய அசைபடங்களின் பெருங்குறை என்போம்.

அழைத்தவுடன் வருமா?

ரைபோசோம் என்பது உயிரணுவில் புரதம் செய்யும் பட்டறை. அதன் வடிவையும் செயலையும் ஆராய்ந்தமைக்காக 2009ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு மூவர்க்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோரோடு அதனைப் பெற்றவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் என்பது நாம் பெருமையோடு நினைவுகூரத்தக்கது.

ரைபோசோமைக் காட்டும் படங்களில் வழக்கமான காட்சி ஒன்றுண்டு. தூது ஆர்.என்.ஏ. இழை ரைபோசோமின் ஊடே ஓடுகிறது. அடுத்த அமினோ அமிலம் தேவைப்படும் கணத்தில், அதற்குரிய கடத்து ஆர்.என்.ஏ. ஒன்று திரையின் ஓரத்தில் தோன்றி, நேர்கோட்டில் பறந்து வந்து, தன் இடத்தில் சரியாக அமர்கிறது. தேவை எழுந்தது, உரியவர் வந்தார், பணி முடிந்தது. அலுவலகத்தில் மணியடித்ததும் பணியாளர் வந்து நிற்பதைப் போன்ற ஒழுங்கு!

மெய்யான உயிரணுவில் மணியும் இல்லை, பணியாளரும் இல்லை. பலவகைக் கடத்து ஆர்.என்.ஏ.க்கள் எப்போதும் அங்கே அலைந்துகொண்டிருக்கின்றன. அவை எவ்விலக்கும் இன்றி மோதுகின்றன. பொருந்தாதவை வந்து முட்டித் திரும்புகின்றன. பொருந்துவது வந்தால் தங்குகிறது. இத்தனை முட்டல் மோதலுக்கிடையிலும் பாக்டீரியாவின் ரைபோசோம் நொடிக்கு ஏறத்தாழ 15 முதல் 20 அமினோ அமிலங்களைக் கோத்துவிடுகிறது. பிழை ஆயிரத்தில் ஒன்றுக்கும் பதினாயிரத்தில் ஒன்றுக்கும் இடைப்பட்டதாகவே அமைகிறது. வியப்பு இங்கேதான் இருக்கிறது. குருட்டுத்தனமான அலைச்சலிலிருந்து இத்துணை ஒழுங்கு எவ்வாறு விளைகிறது என்பதே உயிரியலின் தலையாய வினாக்களுள் ஒன்று. உரிய மூலக்கூறை உரிய நொடியில் தோன்றச் செய்யும் படம், அந்த வினாவையே மாணவரிடமிருந்து பறித்துவிடுகிறது. மூலக்கூறுக்கு அறிவு உண்டு, தான் போக வேண்டிய இடம் அதற்குத் தெரியும் என்னும் தவறான எண்ணத்தை அவ்விடத்தில் விதைத்துவிடுகிறது.

இவ்விடத்தில் பழைய படம் ஒன்றை நினைவுகூர்தல் பொருந்தும். 1971ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், புரதம் உருவாகும் முறையை மாணவர்கள் திறந்தவெளியில் கூட்டமாக ஆடிக் காட்டினர். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பால் பெர்க் அதற்கு விளக்கவுரை தந்தார். கணினி வரைகலையின் துணை அதற்கு இல்லை. ஆயினும் அதற்கு ஒரு நன்மை வாய்த்திருந்தது. திறந்த வெளியில் மனிதர் எவரும் வெறுமையிலிருந்து தோன்ற இயலாது. எங்கிருந்தேனும் ஓடிவந்தாக வேண்டும். கணினி நமக்கு அளித்த ஆற்றல்களுள் வெறுமையிலிருந்து தோன்றச் செய்யும் ஆற்றலும் ஒன்று. அதனை அளவறிந்து பயன்படுத்துதல் வேண்டும்.

2006இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காக எக்ஸ்விவோ நிறுவனம் உருவாக்கிய ‘உயிரணுவின் உள்வாழ்வு’ என்னும் படம் உலகப் புகழ் பெற்றது. அதில் கைனசின் என்னும் புரதம் பெரும் பை ஒன்றைச் சுமந்துகொண்டு, நுண்குழல் ஒன்றின்மீது இரு கால்களால் நடந்து செல்லும் காட்சி காண்போர் உள்ளத்தைக் கவர்ந்தது. கைனசின் உண்மையிலேயே 8 நானோமீட்டர் அளவான அடிகளை எடுத்து வைத்துச் செல்கிறது. ஆனால் அப்படத்தில் அதனைச் சூழ்ந்திருக்க வேண்டிய புரதக் கூட்டமும் நீரும் பெரிதும் அகற்றப்பட்டிருந்தன. அமைதியான நெடுஞ்சாலையில் தனித்து நடக்கும் வழிப்போக்கன் போல அது சென்றது. இடையறாத மோதல்களுக்கு நடுவே, தூக்கிய கால் இடம் தேடித் தடுமாறி ஊன்றுவதே இயற்கை. சில ஆண்டுகள் கழித்து அதே முயற்சியின் தொடர்ச்சியாக வந்த மற்றொரு படம், புரதங்கள் நெருக்கியடித்துக் குலுங்கும் உயிரணுவைக் காட்டியது. முன்னைய படத்தை ஆக்கியோரே பின்னையதையும் ஆக்கினர் என்பது பாராட்டுக்குரியது.

எளிமை வேண்டாமா?

நம் கருத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதனை மறைத்துவிட்டு மேற்செல்வது முறையாகாது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் காட்டினால் மாணவர் எதனைப் பார்ப்பார்? பத்துப் புரதங்கள் ஒருங்கே அசையும் திரையில் கண் அலைபாயும், கருத்து நில்லாது. ஆகவே ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றச் செய்வதே கற்பித்தலின் இலக்கணம் என்பர் இக்கொள்கையினர்.

இதில் உண்மை இல்லாமல் இல்லை. 2002ஆம் ஆண்டு பார்பரா ட்வர்ஸ்கி முதலிய உளவியல் அறிஞர்கள் அசைபடக் கல்வியைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, அசைபடங்கள் பல வேளைகளில் காண்போரின் கண்ணும் கருத்தும் பற்றிக்கொள்ள இயலாத அளவுக்குச் சிக்கலாகவோ விரைவாகவோ உள்ளன என்று எடுத்துரைத்தனர். நல்லாசிரியர் எவரும் முதல் வகுப்பிலேயே முழு நூலையும் விரித்து வைப்பதில்லை. பகுத்துக் காட்டுதல் பிழையன்று, அது தேவையே.

எனினும் எளிமையே எப்போதும் நன்மை தரும் என்பதும் மெய்ப்பிக்கப்பட்டதன்று. ஜோடி ஜென்கின்சன், கேல் மெக்கில் ஆகியோர் 2012இல் ஆய்வு ஒன்றை வெளியிட்டனர். கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்து மிசிசாகா வளாகத்தில் உயிரியல் பயிலும் 131 இளநிலை மாணவர்கள் அதில் பங்கேற்றனர். ஒரு புரதம் தன் ஏற்பியைப் பற்றும் ஒரே நிகழ்ச்சி, சிக்கல் மிகுந்துகொண்டே செல்லும் நான்கு வேறு அசைபடங்களாக ஆக்கப்பட்டது. ஒவ்வொரு குழுவினர்க்கும் அவற்றுள் ஒன்று காட்டப்பட்டது. முன்னும் பின்னும், இரு வாரங்கள் கழித்தும் தேர்வுகள் நடத்தப்பட்டன. நான்கனுள் மிகச் சிக்கலான படமே நிகழ்ச்சியை விளங்கிக்கொள்ள மிகுதியும் துணைசெய்தது எனக் கண்டனர். எல்லாப் பாடங்களுக்கும் இது பொருந்தும் என்று அவர்கள் கூறவில்லை. சில கற்றல் சூழல்களுக்கே கூறினர். நாமும் அவ்வெல்லையைக் கடக்க விரும்பவில்லை. மாணவர்க்கு விளங்காது என்று சொல்லி உண்மையை முன்கூட்டியே கழித்துவிடுவதற்கு நமக்கு உரிமை இல்லை என்பதை மட்டும் அவ்வாய்வு நமக்கு உணர்த்துகிறது.

நம் தெருக்கூத்து இதற்கு நல்லதொரு விடை தருகிறது. கூத்தில் இருவர் திரையொன்றைப் பிடித்து நிற்பர். அதன் பின்னிருந்து வேடதாரி பாடுவார். கட்டியங்காரன் அவர் யாரென்பதை அவைக்கு அறிவிப்பான். பின்னரே திரை விலகும். திரை விலகிய நொடியில்தான் அரசன் பிறந்தான் என்று அவையிலுள்ள சிறு குழந்தையும் எண்ணாது. திரை என்பது காண்போர்க்காக வைத்தது, கதையினுள் இருப்பதன்று என்பதை அனைவரும் அறிவர். அத்திரை கண்ணுக்குத் தெரிகிறது. அதுவே அதன் நேர்மை. மூலக்கூறு அசைபடத்திலோ திரை இருக்கிறது, ஆனால் தெரிவதில்லை. உறுப்புகளை ஒவ்வொன்றாகக் காட்டுங்கள், தடையில்லை. காட்டுவது நீங்கள் என்பதையும் காட்டுங்கள் என்பதே நம் வேண்டுகோள்.

மறைதலும் ஒரு செய்தியே

தோன்றுவதைப் பற்றி எண்ணுவோர் பலரும் மறைவதைப் பற்றி எண்ணுவதில்லை. பணி முடிந்த மூலக்கூறைத் திரையிலிருந்து அகற்றிவிடுவதும், அகற்றாமல் விட்டுவிடுவதும் படம் செய்வோரின் விருப்பமாகவே நின்றுவிடுகின்றன.

கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில், 2020ஆம் ஆண்டின் இறுதி தொடங்கித் தூது ஆர்.என்.ஏ. தடுப்பூசிகள் உலகின் பல நாடுகளில் பயன்பாட்டுக்கு வந்தன. அவற்றின் செயலை விளக்கப் படங்களும் வந்தன. தூது ஆர்.என்.ஏ. உயிரணுவினுள் நுழைகிறது, ரைபோசோம் அதனைப் படித்து வைரஸின் முட்புரதத்தைச் செய்கிறது, உடலின் காப்புப்படை அதனை அடையாளம் கண்டுகொள்கிறது. அந்தத் தூது ஆர்.என்.ஏ. உயிரணுவின் உட்கருவினுள் செல்வதில்லை. தன் பணி முடிந்தபின் சிதைந்தும் போகிறது. உட்புகுவதைப் பெரிதாகக் காட்டி, சிதைவதைக் காட்டாமலே முடிந்துவிடும் படம் ஒன்றைக் கண்டவர், உள்ளே போனது என்ன ஆயிற்று என்று அஞ்சினால் அதனை அறியாமை என்று இகழ்வது தகுமா? அவர் படத்தைச் சரியாகவே பார்த்திருக்கிறார். படந்தான் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. ஊர்மக்களின் ஐயத்தைத் தீர்க்கும் பொறுப்பு நம் சமுதாயப் பெரியோர்க்கும் உண்டு, பட்டம் பெற்று ஊர் திரும்பும் நம் மாணவர்க்கும் உண்டு. அவர்கள் கையில் தரப்படும் படம் முழுமையானதாக இருத்தல் வேண்டும்.

செய்யத்தக்கன

குறை கூறுவதோடு நில்லாது, செய்யத்தக்கன சிலவற்றையும் சொல்லுதல் நம் கடமையாகும்.

முதலாவதாக, உருவாதல், வருதல், புலப்படுதல் ஆகிய மூன்றுக்கும் மூன்று வேறு காட்சிமுறைகளை வகுத்துக்கொள்ள வேண்டும். உருவாகும் உறுப்பு, அதன் கூறுகள் ஒன்றுசேர்வதாகக் காட்டப்படட்டும். வரும் உறுப்பு திரைக்கு வெளியிலிருந்தோ, உயிரணுவின் பிறிதோரிடத்திலிருந்தோ அலைந்து வரட்டும். மெல்லத் தெளிவாதல் என்னும் உத்தியை, முன்னரே அங்கிருந்த ஒன்றைப் புலப்படுத்துவதற்கு மட்டும் ஒதுக்கி வைக்கலாம். ஒரு படம் முழுவதும் இம்முறை மாறாதிருப்பின், மாணவர் சில நிமிடங்களில் அதன் இலக்கணத்தைக் கற்றுக்கொள்வர்.

இரண்டாவதாக, படத்தின் தொடக்கத்தில் சில நொடிகளேனும் உயிரணுவின் உட்பகுதியை நெரிசலோடு முழுமையாகக் காட்டிவிட்டு, பின்னர் வேண்டாதவற்றைக் கண்காண அகற்றலாம். முடிவில் அவற்றைத் திரும்பவும் நிரப்பிக் காட்டலாம். பாக்டீரியாவின் உள்ளே ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 300 கிராம் அளவுக்குப் பெரிய மூலக்கூறுகள் செறிந்துள்ளன. டேவிட் குட்செல் என்னும் அறிஞர் வண்ணங்களால் தீட்டிய உயிரணு ஓவியங்கள் அந்நெரிசலை அழகும் தெளிவும் குன்றாமல் காட்ட இயலும் என்பதற்குச் சான்றாகத் திகழ்கின்றன.

மூன்றாவதாக, காலத்தின் அளவைச் சொல்ல வேண்டும். நொடிக்கு 20 அமினோ அமிலங்கள் கோக்கப்படும் செயலை ஒன்றுக்கு 5 நொடி என நீட்டிக் காட்டினால், நூறு மடங்கு மெதுவாக்கப்பட்டது என்று திரையின் ஓரத்தில் எழுதிவிடலாம். நிலப்படத்தில் அளவுகோல் இல்லாவிடில் நாம் ஏற்பதில்லை. அசைபடத்தில் மட்டும் ஏன் ஏற்க வேண்டும்?

நான்காவதாக, ஒவ்வோர் உறுப்பின் வருகைக்கும் காட்டும் அக்கறையை அதன் நீக்கத்துக்கும் காட்ட வேண்டும். சிதைந்ததா, விலகிச் சென்றதா, அங்கேயே இருக்கிறதா என்பது தெரிய வேண்டும்.

ஐந்தாவது ஆசிரியப் பெருமக்களுக்குரியது. படத்தை ஓடவிட்டு அமர்ந்துவிடாமல், உறுப்பு ஒன்று புதிதாகத் தோன்றும் இடத்தில் படத்தை நிறுத்தி, இது இதற்கு முன் எங்கே இருந்தது என்று வினவ வேண்டும். விலையின்றிச் செய்யக்கூடியது இது. எத்துணைக் குறையுள்ள படத்தையும் இவ்வொரு வினா நல்ல பாடமாக்கிவிடும்.

தமிழின் பங்கு

தமிழில் அறிவியல் காணொளிகள் இன்று பெருகி வருகின்றன. 2019இல் தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. 2023இல் பள்ளிக்கல்வித் துறையின் மணற்கேணி செயலி வெளிவந்தது. ஆங்கிலத்தில் ஆக்கப்பட்ட அசைபடங்களுக்குத் தமிழில் விளக்கவுரை சேர்ப்போரும் பலர். இவர்களுக்குத் தமிழ் பயின்றோர் ஆற்றக்கூடிய தொண்டு ஒன்று உண்டு. படம் செய்யும் பிழையைச் சொல் திருத்த முடியும்.

வாயில்கள் தோன்றுகின்றன என்று சொன்னால், உண்டாயின என்றும் கொள்ளலாம், கண்ணுக்குத் தெரிந்தன என்றும் கொள்ளலாம். உள்ளிருந்த வாயில்கள் மேற்பரப்புக்கு வந்து சேர்கின்றன என்று சொல்லிவிட்டால் ஐயத்துக்கு இடமில்லை. உரிய கடத்து ஆர்.என்.ஏ. வருகிறது என்பதற்கு மாறாக, வந்து மோதியவற்றுள் பொருந்தியது தங்குகிறது என்று சொல்லலாம். இப்போது இதனைக் காண்கிறோம் என்பதும், இப்போது இது உருவாகிறது என்பதும் ஒன்றல்ல. வினைச்சொற்களில் தமிழுக்குக் குறைவில்லை. உருவாதல், வருதல், சேர்தல், பொருந்துதல், விலகுதல், சிதைதல், மறைதல் என ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனிச்சொல் நம்மிடம் உண்டு. வேண்டுவது, எது நிகழ்கிறது என்று அறிந்து, அதற்குரிய சொல்லைத் தேர்ந்தெடுக்கும் பொறுமை. அதற்கு அறிவியல் துறையினரும் தமிழ்த்துறையினரும் ஒரே மேசையில் அமர்ந்து உரையை ஆக்க வேண்டும். ஒரு கல்லூரி வளாகத்தினுள் இது இயலாத செயலன்று. இரு துறைகளும் இணைந்து ஆண்டுக்கு ஒரு படத்துக்கேனும் செம்மையான தமிழ் விளக்கவுரை ஆக்கினால், சில ஆண்டுகளில் மாணவர்க்குப் பெருஞ்செல்வம் சேர்ந்துவிடும்.

மூலக்கூறுகளின் வடிவத்தைக் கண்டறிய அறிஞர்கள் பல்லாண்டுகள் உழைத்தனர். ஓர் அணுவின் இடம் சற்றே பிழைபட்டாலும் அவர்கள் அதனை ஏற்பதில்லை. அத்துணை உழைப்பில் விளைந்த வடிவத்தைத் திரையில் ஏற்றும்போது, அது தோன்றும் நொடியை மட்டும் அழகுக்காகவும் வசதிக்காகவும் முடிவு செய்வது அவ்வுழைப்புக்குப் பொருந்துவதன்று. எங்கே என்பதற்கு நாம் காட்டும் நேர்மையை எப்போது என்பதற்கும் காட்டுவோமாக. அதனைக் கேட்டுப் பெறும் விழிப்பு நம் மாணவரிடத்தும் வளர்வதாக.